எங்கிருந்தும் வராத பணம்



மலர்க் குழுவில் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'நம் குழுக்களின் ஆரம்ப கால வரலாறு'. ஆனால் நான் தொடங்கப் போவது அமெரிக்காவில் ஒரு தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் நான் சாப்பிட்ட சாப்பாட்டில் இருந்து. "என்னக்கா இது, சம்பந்தமே இல்லாம"ன்னு கேப்பீங்க. கடைசி வரைக்கும் படிங்க, சம்பந்தம் இருக்கு.

என் மருமகன் கார் கம்பெனி வேலையாக அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்ற ஊரில் இருக்கிறார். மகளின் பிரசவத்துக்காகப் போய் ஐந்து மாதம் அங்கே இருந்தேன். அமெரிக்கா என்றால் பனியும் உயர உயரமான கட்டடமும்தான் என்று நினைத்திருந்தேன். இந்த ஊர் அப்படி இல்லை. நம் தர்மபுரி மாதிரியே வெயில் கொளுத்துகிறது. ஊரைத் தாண்டினால் செம்மண்ணும் பருத்திக் காடும். அந்த நாட்டின் தெற்குப் பகுதி அது.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும் மகள், "அம்மா, எவ்வளவு நாளைக்குத்தான் ரசத்தையே ஊத்திச் சாப்பிடுவ? இந்த ஊர்க்காரங்க சாப்பாடு ஒரு நாள் சாப்பிட்டுப் பாரு" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு கறி, மூன்று காய்

பெரிய ஓட்டல் இல்லை. வீடு மாதிரி ஒரு சின்னக் கட்டடம், எட்டு மேசை. கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், கறுப்பினத்தவர். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து "பேபி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கே எல்லாரையும் அப்படித்தான்மா கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல 'கண்ணு'ன்னு சொல்ற மாதிரி" என்றாள் மகள்.

அன்றைக்கு என்ன சமையல் என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். கணக்கு சுலபம். ஒரு கறி, மூன்று காய் எடுத்துக்கொள்ளலாம். கூட மக்காச்சோள மாவில் சுட்ட ரொட்டி கொடுப்பார்கள். நான் பொரித்த கோழி எடுத்தேன். கீரை, வெண்டைக்காய், காராமணி என்று மூன்று காய். மகள் எடுத்ததில் ஒன்று பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த மக்ரோனி. அதையும் காய்க் கணக்கில்தான் சேர்ப்பார்களாம்!

காராமணியைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். நாம் குழம்பு வைக்கிற அதே தட்டைப்பயறு. கீரை நம் ஊர்க் கீரை மாதிரி மெலிசு இல்லை. கோஸ் இலை மாதிரி தடிமனாக இருக்கும், மணிக்கணக்கில் வேக வேண்டும். முன்பெல்லாம் பன்றிக்கறித் துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்களாம். அந்த அம்மா இப்போது புகைபோட்ட வான்கோழிக் கறி போடுகிறார். கீரை வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றுவதில்லை. சோள ரொட்டியைப் பிட்டு அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நாம் களியைக் கீரைக் கடைசலில் தொட்டு விழுங்குகிறோமே, அதே மாதிரிதான். எனக்கு அன்றைக்கு வயிறு நிறைந்தது.

இந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1619 முதல் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் கொண்டுவந்து அமெரிக்காவில் அடிமைகளாக விற்றார்கள். மாண்ட்கோமரியிலும் பெரிய அடிமைச் சந்தை இருந்திருக்கிறது. காராமணியும் வெண்டைக்காயும் அந்த மக்களோடு ஆப்பிரிக்காவில் இருந்து போனவை. தோட்ட முதலாளிகள் வாரப் படியாக அளந்து கொடுத்தது பெரும்பாலும் மக்காச்சோள மாவும் உப்புப் போட்ட பன்றிக்கறியும்தான். அதோடு குடிசைப் பக்கம் வளர்த்த கீரையைச் சேர்த்து, சத்து எதையும் வீணாக்காமல் அந்தப் பெண்கள் சமைத்த சமையல் இது. 1865ல் அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகும் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களே. சமைத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு அனுமதி இல்லை. இதை நம்மில் சிலருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நல்ல வாட்டசாட்டமான ஒரு அம்மாள். "யாரு இவங்க, உங்க அம்மாவா?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்தார். "இந்த ஊரில் அடுப்பு வைத்துப் பிழைக்கிற எங்களுக்கெல்லாம் அவர்தான் அம்மா" என்று சொன்னதாக மகள் சொன்னாள். பெயர் ஜார்ஜியா கில்மோர். அன்றைக்கு அந்த அம்மா சொன்னதையும், பிறகு மகள் நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்து எனக்குப் படித்துச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஏறாத 381 நாள்

ஜார்ஜியா 1920ல் பிறந்தவர். ஆறு பிள்ளைகளுக்குத் தாய். மருத்துவச்சி வேலையும் தெரியும். நேஷனல் லஞ்ச் கம்பெனி என்ற உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார்.

அப்போது மாண்ட்கோமரி டவுன் பஸ்ஸில் முன்பக்கம் பத்து இருக்கை வெள்ளைக்காரர்களுக்கு. அவை காலியாக இருந்தாலும் கறுப்பர்கள் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக ஏறச் சொல்வார்கள். 1955 அக்டோபரில் ஒரு நாள் ஜார்ஜியா காசு போட்டார். டிரைவர் இறங்கிப் பின்பக்கம் வரச் சொன்னான். இவர் இறங்கியதும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போட்ட காசும் போனது. இனி இந்த பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அன்றைக்கே ஜார்ஜியா முடிவெடுத்துவிட்டார்.

அந்த டிசம்பர் 1ஆம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண், வெள்ளைக்காரருக்கு இடம் கொடுக்க எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். கைது செய்தார்கள். இது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியையும் அவருடைய பெண்கள் சங்கத்தாரும் விடிய விடிய ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்தார்கள். திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். டிசம்பர் 5 திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று மாலையே சங்கம் அமைத்தார்கள். 26 வயது மார்ட்டின் லூதர் கிங் அதற்குத் தலைவர்.

ஒரு நாள் என்று தொடங்கியது 381 நாள் நடந்தது.

நம் எல்லோருக்கும் தெரியும், ஒரு நாள் போராட்டம் நடத்துவது சுலபம். இரண்டாவது வாரம்தான் கஷ்டம். வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை மைல் நடப்பார்கள்? சங்கம் சுமார் 300 கார்களைத் திரட்டி, இந்த இடத்தில் ஏறலாம், அந்த இடத்தில் இறங்கலாம் என்று ஏற்பாடு செய்தது. அதற்குப் பெட்ரோல் போட வேண்டும், டயர் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். யார் காசு கொடுப்பது?

14 டாலர் முதலீடு

முதல் பொதுக்கூட்டத்துக்கு முன்பே ஜார்ஜியா தனக்குத் தெரிந்த பெண்களைச் சேர்த்தார். எல்லோருமாகப் போட்ட பணம் 14 டாலர். அந்தக் காலத்து மாற்று விலையில் நம் 67 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட சமம். அதில் கோழியும் ரொட்டியும் இலைக்கோசும் வாங்கி, கோழியைப் பொரித்து ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் விற்றார்கள். வந்த பணத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள்.

பிறகு அது வாரா வாரம் நடந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் மாதிரி ஒன்று செய்வார்கள், 'பை' என்று பெயர். வெண்ணெய் நிறையப் போட்ட கேக், பொரித்த மீன், கீரை, சோறு என்று அவரவர் வீட்டில் சமைத்து முடிதிருத்தும் கடை, சலவைக் கடை, டாக்சி நிற்கும் இடம், மாதா கோயில் என்று கொண்டுபோய் விற்றார்கள். வாரத்துக்கு 125 டாலர் வரும், சில வாரம் 200 டாலர் வரை வரும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஜார்ஜியா எழுந்து, இந்த வாரம் இவ்வளவு என்று பணத்தைத் தருவார். கூட்டமே எழுந்து நின்று கை தட்டும்.

இதைப் பார்த்து ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனஸ் ரிக்ஸ் என்பவர் போட்டிக்கு ஒரு குழு தொடங்கினார். இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவருவது என்று இரண்டு குழுவுக்கும் போட்டி. சேமிப்பில் முதல் குழுவுக்குப் பரிசு என்று நம் கூட்டமைப்பில் வைத்தபோது நடந்ததெல்லாம் ஞாபகம் வந்து நான் சிரித்தேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜார்ஜியாவின் குழுவுக்கு என்ன பெயர் தெரியுமா? 'எங்கிருந்தோ இல்லாத குழு'. தமிழில் சரியாக வரவில்லை. 'எந்த இடத்தையும் சேராத குழு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர் விளையாட்டுக்கு வைத்தது இல்லை. அந்தப் பெண்களில் பலர் வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை, பிள்ளை பார்க்கும் வேலை செய்தவர்கள். போராட்டத்துக்குக் காசு கொடுத்தது தெரிந்தால் வேலை போகும். வாடகை வீடும் போகலாம். அதனால் யார் சமைத்தது, யார் எவ்வளவு கொடுத்தது என்று எழுதி வைக்கவில்லை. விவரம் முழுவதும் ஜார்ஜியாவின் மனசுக்குள் மட்டும் இருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் சொல்லாமலே சொல்லலாம். பணம் கொடுத்த வெள்ளைக்காரர்களும் சிலர் உண்டு. அவர்களுக்கும் இதே பாதுகாப்பு.

மகள் இதைப் படித்துச் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏம்மா, என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்லை, மேல படி" என்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வேலை போனது, கடை வந்தது

பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து 1956ல் போராட்டத் தலைவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். மார்ச் மாதம் கிங்கின் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜார்ஜியா கூண்டில் ஏறி, பஸ்ஸில் தனக்கு நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார். கிங்குக்கு 500 டாலர் அபராதம் விழுந்தது. ஜார்ஜியாவுக்கு வேலை போனது.

மற்றவர்களின் பெயரை மறைத்தவர், தன் பெயரை மட்டும் மறைக்கவில்லை.

வேறு இடத்தில் வேலை தேட வேண்டாம், வீட்டிலேயே சமைத்து விற்கலாம் என்று கிங் யோசனை சொன்னார். பெரிய பாத்திரம் வாங்கப் பணமும் கொடுத்து உதவினார். அதில் இருந்து டெரிகோட் தெருவில் இருந்த ஜார்ஜியாவின் வீடே சாப்பாட்டுக் கடை ஆனது. விடியாத நேரத்தில் எழுந்து அடுப்பு பற்ற வைப்பார். சாப்பாட்டு மேசையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம், மற்றவர்கள் நின்றுகொண்டு சாப்பிடுவார்கள். கறுப்பரும் வெள்ளைக்காரரும் ஒரே கடையில் சேர்ந்து உட்காரக் கூடாது என்று இருந்த காலத்தில், இந்த அம்மாள் வீட்டு மேசையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிங்கும் மற்றவர்களும் ரகசியமாகக் கூடிப் பேசியதும் அங்கேதான்.

1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பஸ்ஸில் இனம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்றது. அந்த வழக்கைப் போட்டவர்கள் நான்கு பெண்கள். டிசம்பரில் உத்தரவு ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மக்கள் பஸ்ஸில் ஏறினார்கள்.

ஜார்ஜியா அதோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று இருந்த பூங்கா வழியாக நடந்ததற்காக அவர் மகனைப் போலீஸ் அடித்தது. பூங்காக்கள் எல்லோருக்கும் பொது என்று மாநகராட்சி மேல் வழக்குப் போட்டார். எல்லோரையும் விடுவதற்குப் பதிலாகப் பூங்காக்களையே இழுத்து மூடியது மாநகராட்சி. 1965ல்தான் திறந்தார்கள். வழக்கு 1974ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்றும் அந்தத் தீர்ப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது.

1990 மார்ச்சில் அவர் இறந்தார். உரிமைக்காக நடந்த ஒரு பெரிய நடைப்பயணத்தின் 25ஆம் ஆண்டு விழாவுக்குச் சமையல் செய்துகொண்டிருந்த நேரம். அவர் கையால் சமைத்து வைத்திருந்த கோழியையும் மக்ரோனியையும் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள். டெரிகோட் தெரு வீட்டின் முன்னால் அவர் நினைவாகப் பலகை வைத்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் முன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் எழுதிய பெயர்

இனி நம் கதை.

நம் மாவட்டத்தில்தான் 1989ல் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழு 1996ல் ஆரம்பித்தது. 18 பேர், மாதம் 20 ரூபாய் சேமிப்பு. நான் ஊக்குநர், கணக்கு நோட்டு என் கையில். வரவு செலவை ஒளிக்கக் கூடாது, கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

1998ல் எங்கள் ஊரில் களையெடுப்புக் கூலி 20 ரூபாய். 25 ரூபாய் கேட்டோம், கிடைக்கவில்லை. பெண்கள் யாரும் காட்டுக்குப் போகவில்லை. ஒன்பது நாள். கூலி இல்லாத வீடுகளுக்குக் குழுவில் இருந்து அரிசியும் ராகியும் கொடுத்தோம். முடிந்தவர்கள் கூடுதலாகவும் தந்தார்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா, பெரிய விவசாயி ஒருவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். மாதம் 300 ரூபாய் சம்பளம். ஒரு நாள் இருட்டிய பிறகு என் வீட்டுக்கு வந்து இரண்டு படி ராகியும் 40 ரூபாயும் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் பெயரை நோட்டில் எழுதி உரக்க வாசித்தேன். பெருமையாகத்தான் வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கூலி 25 ரூபாய் ஆனது. அவருக்கு எட்டு மாதம் வேலை இல்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார், "ஏன் கண்ணு என் பேரைப் படிச்ச?" நான், "கணக்குன்னா கணக்குதானேக்கா" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

பிறகு குழுவில் 1,000 ரூபாய் உள்கடன் வாங்கி, பஸ் நிறுத்தத்தில் ஓலைக் கொட்டகை போட்டு இட்லிக் கடை ஆரம்பித்தார். இட்லி, காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களியும் கீரைக் கடைசலும். கடனை ஒரு தவணை தவறாமல் கட்டினார். கூட்டமைப்புக் கடனில் கிரைண்டர் வாங்கினார். இன்றைக்கும் கடை நடக்கிறது. நம்மில் பாதிப் பேர் அங்கே சாப்பிட்டிருப்போம்.

கணக்கை ஒளிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தொகையில் ஒரு பைசாகூட மறைக்கக் கூடாது. ஆனால் கொடுத்தவர் பெயரைச் சொல்லலாமா என்று கொடுத்தவரைக் கேட்டிருக்க வேண்டும். எழுதுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, யார் பெயரை எழுதுகிறோமோ அவருக்குத்தான் வேலை போகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. சமையல்காரப் பெண் ஜார்ஜியாவுக்கு 1955லேயே தெரிந்திருக்கிறது.

அதனால் என் வேண்டுகோள் ஒன்று. இந்த மலரில் தலைவர், செயலர், பொருளாளர் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். ஆரம்ப காலத்தில் பெயர் சொல்லாமல் கொடுத்தவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் சேமித்தவர்கள், அரிசிப் பானைக்குள் பாஸ்புக்கை ஒளித்து வைத்தவர்கள் பெயர் இருக்காது. அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் மூத்த உறுப்பினர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். எழுதும் முன், எழுதலாமா என்றும் கேளுங்கள்.

நான் கேட்டேன். ஊருக்கு வந்த மறு வாரம் அந்த அக்கா கடைக்குப் போய், ஜார்ஜியா கதை முழுவதையும் சொன்னேன். கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பதினாலு டாலருக்கு எத்தனை கோழி வந்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, "அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. இந்த மலர்ல உங்க பேரை எழுதட்டுமா?" என்றேன்.

தட்டில் ஒரு உருண்டை களியைப் போட்டு, கீரையை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"பேரெல்லாம் வேணாம் கண்ணு. மகாசபைக் கூட்டத்துக்கு வர்றவங்களைக் கடைப் பக்கம் வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு, அது போதும்."

சொல்லிவிட்டேன் சகோதரிகளே. பஸ் நிறுத்தத்தில்தான் கடை. பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் களி சூடாக இருக்கும்.